நீளமான வசனம்

என் வீட்டுக்காரன் மகேந்திரனுக்குத் தெய்வ பயம் உண்டு. என் முன்பல் ஒன்று போனது அந்தப் பயம் இருக்கும்போதே போனதுதான்.

மலேசியாவில் லிங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அவன் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். பெண் பார்க்க வந்தபோது என் மாமனார் முருகையா அவனைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, சாமி விஷயத்தில் பையன் தங்கம் என்பது. அதில் பொய் இல்லை. கோயில் மணி கேட்டால் நின்றுவிடுவான். எந்தச் சாமி, யாருடைய சாமி என்றெல்லாம் பார்க்க மாட்டான். நான் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்து ஞானஸ்நானம் எடுத்தபோதுகூட என்னை அடிக்கவில்லை. குழம்பில் உப்பு குறைந்ததற்கு அடித்தான். லாரி டயர் வெடித்ததற்கு அடித்தான். போனை எடுக்கத் தாமதமானதற்கு அடித்தான்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். என் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துத் தலையை அடுப்பங்கரைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். இரண்டாவது மோதலில் காது அடைத்துக்கொண்டது. மூன்றாவதற்காக இழுத்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலாய்க் கம்பத்து மசூதியில் பாங்கு சொன்னார்கள். அவன் முடியை விட்டான். சுவரோரம் தள்ளிப்போய்க் கைகட்டி நின்றான். பாங்கு முடியும்வரை அப்படியே நின்றான். நான் தரையில் உட்கார்ந்து மூக்கில் வழிந்த ரத்தத்தைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் வந்து மறுபடி முடியைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். நான் திட்டம் போட்டேன். புஷ்பவள்ளிக்குக் கோபம் அதிகம், மூளை அதைவிட அதிகம் என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு நினைப்பு. பாங்கு நம் கையில் இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே சாமி வார்த்தை சொல்ல ஒரு வாய் இருந்தால்? என் வாய் உதவாது. ஒருமுறை ஜெபம் சொல்லிப் பார்த்து, சொன்ன வாயிலேயே அறை வாங்கியிருக்கிறேன். மிச்சம் இருந்தது என் மகள் கவிஷாவின் வாய்தான். அவளுக்கு அப்போது மூன்று வயது ஆகவில்லை. அவளை மட்டும் அவன் ஒருநாளும் தொட்டதில்லை.

சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பைபிள் வசனம் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள், வீட்டில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சண்டே ஸ்கூல் நடத்துகிற விமலா அக்கா அதற்கு வழியும் சொல்லுவார். மூன்று மூன்று வார்த்தையாகச் சொல்லுங்கள், கை ஜாடை காட்டுங்கள், குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் விளையாட்டாகச் சொல்லுங்கள், மறந்தால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுங்கள், அதட்டவே கூடாது என்பார். அப்படியே செய்தேன். அன்பு கோபப்படாது என்று வருகிற வசனத்தை நாலே நாளில் பாடமாக்கிவிட்டாள். அக்கா சொல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். அப்பா கையை ஓங்கினால் ஓடிவந்து, காலைச் சேர்த்து வைத்து, கை கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

அடுத்த வாரமே வேளை வந்தது. மில்லில் லாரி வரிசையில் அரை நாள் காய்ந்துவிட்டு வந்தவன், சோறு ஆறிப்போயிருக்கிறது என்று தட்டை என் முகத்தில் எறிந்தான். பெல்ட்டை உருவினான். கவிஷா ஓடிவந்து நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பாதி எழுத்து மழலை. ஓங்கிய பெல்ட் அப்படியே நின்றது. அவள் முடித்ததும் பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்து, நீதான் அம்மாவைக் காப்பாற்றினாய் என்று சொன்னேன். அந்தச் சின்னத் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றி வைத்தது நான்தான்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. சர்ச்சில் மேடையேறி ஒன்பது வசனம் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். இப்படி ஒரு தாய் கிடைக்கப் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பாஸ்டர் மைக்கில் சொன்னார். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. பெல்ட்டை ஓங்கினான், அவள் வந்து நின்று சொன்னாள், அவன் நின்றான். ஆனால் அவன் உதடும் கூடவே அசைந்தது. தினமும் காதில் விழுந்து விழுந்து அவனுக்கும் பாடமாகியிருந்தது. கடைசி வார்த்தை முடிந்ததும் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினான்.

"முடிஞ்சிருச்சா பாப்பா? கெட்டிக்காரி. உள்ள போயி கார்ட்டூன் பாரு."

பெல்ட்டின் பக்கிள் என் தோளில் இறங்கியது. அவள் உள்ளே போகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு தடவை போதும்லா என்று அவளிடம் தணிவாகச் சொல்லிவிட்டு என்னை அடித்தான். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் அடி வாங்கிக்கொண்டே இருந்தேன்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்த புத்தி என்னவென்றால், வசனம் நீளம் போதவில்லை என்பது. நீளமாக இருந்தால் முடிவதற்குள் அவன் கோபம் ஆறிவிடும். கர்த்தர் என் மேய்ப்பர் என்று ஆரம்பிக்கிற பைபிள் சங்கீதத்தை முழுசாகச் சொல்லிக் கொடுக்க முடிவு செய்தேன். அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு உள்ளதும்மா என்று விமலா அக்கா தயங்கினார். என் மகள் கெட்டிக்காரி என்றேன்.

லுக்குட் டவுனுக்கு மளிகை வாங்கப் போனபோது சிவப்புக் கைப்பிடி போட்ட ரோத்தான் பிரம்பு ஒன்றும் வாங்கி வந்தேன். வார்த்தைக்கு ஒரு தட்டு, மேசையில் தட்டத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் வாரம் மேசையில் தட்டினேன். இரண்டாம் வாரம் அவள் காலுக்குப் பக்கத்தில் தரையில் தட்டினேன். மூன்றாம் வாரம் காலில் பட்டது. பட்டது என்று சொல்வதே பொய். அடித்தேன்.

அந்தச் சங்கீதத்தின் நடுவில் வருகிற பள்ளத்தாக்கு என்ற வார்த்தை அவள் வாயில் நுழையவே இல்லை. அதுவரை மடமடவென்று வருவாள். அங்கே வந்ததும் நின்று என் கையைப் பார்ப்பாள்.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவன் லாரியிலிருந்து போன் பண்ணினான். சாப்பாட்டுச் சட்டியில் குழம்பு ஊசிப்போயிருக்கிறதாம். வந்து வைத்துக்கொள்கிறேன் என்றான். ஐந்து மணிக்கு வந்துவிடுவான். இருந்தது இரண்டு மணி நேரம். கவிஷாவை நடுவீட்டில் நிறுத்தினேன். சொல் என்றேன். பள்ளத்தாக்கில் நின்றாள். கெண்டைக்காலில் ஒன்று வைத்தேன். மறுபடி சொல் என்றேன். மறுபடி அங்கேயே நின்றாள். இன்னொன்று வைத்தேன். மூன்றாவது, நான்காவது. கண்ணீரும் சளியும் வாயில் இறங்க, அழக்கூட நேரமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை சொல்லிக் கொடுத்தும் என்னைக் காப்பாற்ற மாட்டேன் என்கிறாளே என்று வெறி ஏறியது. ஐந்தாவது முறை கையைத் தலைக்கு மேல் ஓங்கினேன்.

அவள் காலைச் சேர்த்து வைத்தாள். கை கூப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். சங்கீதத்தை அல்ல. அன்பு கோபப்படாது என்கிற வசனத்தை. அப்பாவுக்குச் சொல்வதை எனக்குச் சொன்னாள்.

என் கை நிற்கவில்லை. மூன்றாவது வார்த்தையில் தொடையில் விழுந்தது. அவள் உடம்பு துள்ளியது, குரல் மட்டும் நிற்கவில்லை. ஒரு எழுத்து பிசகாமல் கடைசிவரை சொன்னாள். முடித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். ரோத்தான் மறுபடி மேலேதான் இருந்தது. அவள் முடிக்கட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் ரோத்தானைக் கீழே போட்டேன். அவளைத் தூக்கப் போனேன், அவள் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளை அள்ளி மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டினேன். ஐந்து மணி ஆக இன்னும் நேரம் இருந்தது.

ரிப்போர்ட் எழுதியது மாதவி என்கிற தமிழ்ப் பெண் போலீஸ். கவிஷாவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பல் போன இடத்தைக் காட்டினேன், சட்டையை விலக்கித் தோளைக் காட்டினேன். அவர் டைப் பண்ணிக்கொண்டே வந்தார். பிறகு எட்டி, தொங்கிக்கொண்டிருந்த கவிஷாவின் கால்களைப் பார்த்தார். சிவந்து தடித்த கோடுகள்.

"பாப்பாவயும் அடிச்சிருக்காரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவனை இன்றைக்கே உள்ளே வைத்துவிடுவார்கள், பிள்ளை என்னோடு இருப்பாள். உண்மையைச் சொன்னால் வெல்பேர் ஆட்கள் வருவார்கள், அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். கவிஷா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லிக் கொடுத்தாலும் இவள் திருப்பிச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும்.

"அவரு பாப்பாவ தொட்டதில்ல. இது நான் அடிச்சது. அதயும் எழுதுங்க."