பூஜைக்கு வைத்த கண்ணாடி

வானத்தை அண்ணாந்து பார்க்காமலே வான ஆராய்ச்சி செய்ய நினைத்தவர் என்று திருப்பதியில் ஒருவரைக் காட்டச் சொன்னால் ஆதிநாராயணனைக் காட்டலாம். பனியில் நின்றால் அவருக்கு மூக்கு ஒழுகும். அதனால் கல்லூரிப் பௌதிகக் கூடத்தில், பட்டப்பகலில், மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எங்கோ இருக்கிற நட்சத்திர மண்டலங்களைப் பற்றிக் கவலைப்படுவார். சம்பளம், பிள்ளைகளுக்கு லென்ஸும் காந்தமும் சொல்லிக்கொடுப்பதற்கு. கவலை இலவசம்.

கவலை இதுதான். ஒரு நட்சத்திர மண்டலத்தின் வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடி வழியாக விட்டால் அது வண்ணப்பட்டையாக விரியும். அந்தப் பட்டையில் சில இடங்களில் கறுப்புக் கோடுகள் விழும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் இருக்கிற அதே கால்சியம்தான் அங்கேயும் இரண்டு கோடு போடுகிறது. கோடுகள் ஊதா ஓரத்தில், தங்களுக்கென்று உள்ள இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் தூரத்து மண்டலங்களில் அவை இடம் பெயர்ந்து, சிவப்புப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கின்றனவோ அவ்வளவு வேகமாக அந்த மண்டலம் நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு.

தூரம் தெரிந்தால் வயதும் தெரியும். அத்தனை தூரத்திலிருந்து வெளிச்சம் வந்து சேருவதற்குள் யுகங்கள் கழிந்துவிடுகின்றன. ஆகவே நாம் காண்பது அந்த மண்டலத்தின் வாலிபத்து முகம்; இன்றைக்கு அது கிழடு தட்டியிருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். பக்கத்து மண்டலங்களின் முகத்தையும் தூரத்து மண்டலங்களின் முகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இவை பிறந்து வளர்ந்து மூப்படைகிற கதை கிடைக்கும். கிடைக்காது, பிரபஞ்சம் என்றைக்கும் இப்படியேதான் இருந்தது என்று சொல்கிற கட்சியும் அப்போது இருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ராஜ்ய எல்லை பிரிக்கிற கமிட்டிக்காரர்களைப் போல் ஒருவர் மேல் ஒருவர் புள்ளிவிவரங்களை வீசிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் ஆதிநாராயணன் புத்தகத்தில் படித்தது. அங்கேதான் முள். 'படித்ததை நம்புவது பக்தி, அளந்து பார்ப்பது பௌதிகம்' என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் கம்பீரமாகச் சொல்லிவிட்டு, இந்த ஒரு விஷயத்தில் தான் மட்டும் பக்தராகவே நாற்பதைத் தாண்டிவிட்டதில் அவருக்கு உள்ளூர வெட்கம். ஒரே ஒரு மண்டலம். அதன் கோடு நகர்ந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் அளந்துவிட வேண்டும். அதற்கு மேல் வாழ்க்கையில் பெரிய ஆசைகள் இல்லை. இருந்தவையும் கைவிட்டுப் போயிருந்தன.

கடல் தாண்டி ஒரு வானாய்வகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். கடைசியில் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒரு கண்ணாடித் தகட்டை இரவலாக அனுப்பிவைத்தார்கள். ஒரு மண்டலத்தின் வண்ணப்பட்டையை அவர்கள் இரண்டு முறை கண்ணாடியில் போட்டோ பிடித்திருந்தார்கள். நன்றாக விழுந்ததைத் தாங்கள் வைத்துக்கொண்டு, சுமாராக விழுந்ததை இவருக்குக் கொடுத்தார்கள். வருஷ முடிவுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தகடு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. நடுவில் பென்சில் கறை போல ஒரு மங்கலான கீற்று; அதுதான் மண்டலம். மேலேயும் கீழேயும் ஆய்வகத்து விளக்கால் பதித்த நகராத கோடுகள். நகராததைப் பக்கத்தில் வைத்தால்தானே நகர்ந்தது தெரியும். அந்தக் கறையைப் பிடிக்க யாரோ ஒரு மனிதர் குளிரில் பல ராத்திரி தூரதர்சினியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆதிநாராயணனுக்கு அதை நினைத்தாலே தும்மல் வந்தது.

தகடு வந்துவிட்டது, அளக்கிற மைக்ராஸ்கோப் இல்லை. திருகு தேய்ந்து ஆட்டம் கொடுத்த அந்தக் கருவியை மதராஸுக்கு ரிப்பேருக்கு அனுப்ப, தகடு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் அனுமதி கேட்டிருந்தார். அப்போது ஆந்திராவின் தலைநகரம் கர்னூலில் இருந்தது. கோப்பு கர்னூலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைநகரம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. ஹைதராபாத்தில், 'மதராஸ் இப்போது வேறு ராஜ்யம் அல்லவா, நம் ராஜ்யத்திலேயே ரிப்பேர் செய்ய முடியாதா' என்று கேட்டார்கள். முடியாது என்பதை நிரூபிக்கச் சில வருஷங்கள் ஆயின.

அது ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் நடந்த எல்லைப் பேச்சு ஒருவழியாக முடிவுக்கு வந்திருந்த சமயம். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆதிநாராயணனின் ஊர் மதராஸிலிருந்து ஆந்திராவுக்கு வரப்போகிறது. கூடத்து அட்டெண்டர் கன்னையாவின் ஊர், திருத்தணிக்கு அந்தண்டை, ஆந்திராவிலிருந்து மதராஸுக்குப் போகப்போகிறது. சித்திரைக்கு முன்னால் நடந்துவிடும் என்று பேச்சு.

"உங்க ஊரு இங்க வருது, எங்க ஊரு அங்க போவுது. நாம ரெண்டு பேரும் எங்கியும் போவல. இன்னா கூத்து சார் இது," என்பான் கன்னையா.

சிரிப்பான்தான். ஆனால் அவன் தற்காலிக ஊழியன். 'உன் ராஜ்யத்தில் போய் வேலை தேடிக்கொள்' என்று எந்த நாளும் சொல்லிவிடலாம்.

மைக்ராஸ்கோப் திரும்பி வந்தது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம். ஆதிநாராயணன் வைக்கோலைப் பிரித்துக் கருவியை வெளியே எடுத்து, முதல் வேலையாகத் திருகைச் சுற்றிப் பார்த்தார். திருகு வெண்ணெய் போல் சுழன்றது. தகட்டை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் உள்ளே வந்தார்.

"ஏமய்யா ஆதிநாராயணா, இன்னும் சாமான் எடுத்து வைக்கலையா? கெமிஸ்ட்ரிகாரங்க குடுவையெல்லாம் கழுவிக் கவுத்துட்டாங்க. பூஜைக்கு வெச்சதை விஜயதசமி காலையிலதான் தொடணும், தெலுசு கதா?"

"ஒரு மணி நேரம் சார். இதை மட்டும் அளந்துட்டு வெச்சிடறேன்."

"ரெண்டு நாள்ல உங்க நட்சத்திரம் ஓடிப்போயிடுமா?"

ஓடிப்போகும், அது ஓடிப்போவதுதான் சார் ஆராய்ச்சியே என்று சொல்ல ஆதிநாராயணனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவருடைய சாமர்த்தியங்கள் எல்லாம் நாக்கு நுனியோடு நின்றுவிடும். "சரி சார்," என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். தகடு பீரோவில், பஞ்சுக்குள், பூட்டிய நிலையில் பத்திரமாக இருந்தது. ஆனால் கருவியை மட்டும் அம்பாள் முன்னால் வைத்துவிட்டு, அதைக் கொண்டு அளக்கப்போகிற பொருளை வைக்காமல் இருப்பதா? பிரபஞ்சம் எப்படிப் பிறந்தது என்று விசாரிக்கப் போகிறவர், சரஸ்வதியை வீணாகப் பகைத்துக்கொள்வானேன் என்று நினைத்தார். பீரோவைத் திறந்து தகட்டை எடுத்து, பூஜைக்குரிய சாமான்கள் இருந்த பித்தளைத் தட்டில் லென்ஸுகளோடு லென்ஸாக வைத்தார். போகிற போக்கில் கன்னையாவிடம் சொன்னார்:

"போன வருஷம் மாதிரி அரைகுறையா வேணாம்யா. கண்ணாடின்னு இருக்கறதுல ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது."

"நீங்க போங்க சார். பளபளன்னு பண்ணிடறேன்."

விஜயதசமி காலையில் அவர் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் போல வந்தார். கூடத்தில் பொரியும் வெல்லமும் மணத்தன. மைக்ராஸ்கோப்புக்கு மூன்று இடத்தில் சந்தனம். தராசுக்குப் பூமாலை. பித்தளைத் தட்டில் லென்ஸுகள் வைரம் போல மின்னின. அவற்றின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் இருந்த மாலையின் ஒவ்வொரு இதழும் அதன் வழியாகத் துல்லியமாகத் தெரிந்தது. மூலையில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

ஆதிநாராயணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"கன்னையா."

"சார்."

"இதுல நடுவுல ஒரு கறை இருந்துச்சே."

"அத்த ஏன் கேக்கறீங்கோ," என்றான் கன்னையா, பொரியை அள்ளிக்கொண்டே. "சும்மா கழுவினா போவல சார். ஒரே புகை மாதிரி ஒட்டிக்கினு இருந்துச்சி. எங்க ஊரு போட்டோ கடையில பழைய கண்ணாடிய எப்டி கழுவி சாமி படத்துக்கு மாட்டுவாங்கோ, பாத்துக்கீறேன். சுடுதண்ணில சோடா போட்டு ஊற வெச்சி, சீயக்காய் போட்டு ஒரு தேய் தேய்ச்சேன். தோலு மாதிரி உரிஞ்சிக்கினு வந்துச்சி. இப்ப பாருங்கோ."

ஆதிநாராயணன் பார்த்தார். இவ்வளவு சுத்தமான கண்ணாடியை அவர் அந்தக் கூடத்தில் பார்த்ததே இல்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது என்று முந்தாநாள் சொன்னவர் அவரேதான். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னா சார்? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?"

அவர் சொன்னார். கறைதான் மண்டலம் என்றார். அதன் கோடு நகர்ந்திருக்கிறதா, எவ்வளவு தூரம் என்று அளக்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்றார். அந்த வெளிச்சம் கிளம்பினபோது பூமியில் மனுஷனே கிடையாது என்றார். வழியில் யாரிடமும் சிக்காமல், எதிலும் மோதாமல், அத்தனை தூரம் வந்து ஒரு கண்ணாடியில் உட்கார்ந்தது என்றார். சீயக்காயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கன்னையாவின் கையிலிருந்த பொரி அப்படியே நின்றது. "வேற ஒண்ணு அனுப்பச் சொல்லலாமா?"

"என்னன்னு எழுதறது? நீங்க அனுப்பின மண்டலத்தை எங்க நாட்டு வழக்கப்படி குளிப்பாட்டி பொட்டு வெச்சிட்டோம்னா?"

கன்னையா சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் இவரும் சிரித்திருப்பார், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

பிரசாதத்துக்காக வந்த பிரின்சிபால், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். வெளிநாட்டுச் சாமான், இரவல் பொருள் என்றதும் குரல் மாறியது. "யார் கழுவினது? இவனா?"

கன்னையா வாயைத் திறப்பதற்குள் ஆதிநாராயணன் எழுந்து நின்றார். "நான்தான் சார்."

"நீங்களா? பௌதிகம் எம்.ஏ. படிச்சவரு, போட்டோ கண்ணாடியை நீங்க கழுவினீங்களா? எந்துக்கு?"

"கொஞ்சம் அழுக்கா இருந்துச்சு சார்."

பிரின்சிபால் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பைத்தியக்காரர்களைப் பார்க்கிற இரக்கம் அதில் இருந்தது. இனிமேல் கல்லூரி விலாசத்துக்கு எந்த ஊரிலிருந்தும் எதையும் வரவழைக்கக் கூடாது, அந்த வானாய்வகத்துக்கு மன்னிப்புக் கேட்டு நானே எழுதிவிடுகிறேன், நீங்கள் லென்ஸும் காந்தமும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். இலைத்துண்டில் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, முடிந்தது. இனி ஆதிநாராயணன் பக்தராகவே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

"எனுக்காவ சொன்னீங்கோளா?" என்றான் கன்னையா.

"சும்மா இரு."

"வீணா சொல்லிக்கினீங்கோ சார். சித்திரை வந்தா எப்டியும் என்னை போவச் சொல்லப் போறாங்கோ. ஆபீசுல சொல்லிட்டாங்கோ. நம்மளுது அந்தப் பக்கம் போயிடுச்சாம்."

ஆதிநாராயணனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் சொல்லும்போது இவ்வளவு பெருமையாக நெஞ்சை நிமிர்த்தியிருக்க மாட்டார். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருந்தது.

"கழுவின தண்ணிய எங்க ஊத்தின?" என்று கேட்டார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

"வாசல்ல, கனகாம்பரத்துக்கு," என்றான் கன்னையா. சொன்னவன் அப்படியே நின்றான். பிறகு வேகமாக வெளியே போனான்.

அவன் திரும்பி வந்தபோது கையில் இரும்புச் சட்டி இருந்தது. அது நிறைய ஈர மண். ஓரத்தில் வேரோடு பிடுங்கின இரண்டு கனகாம்பரச் செடிகள். முழங்கை வரை சேறு.

"அடியோட வாரிக்கினு வந்துட்டேன். இதுலதான் எங்கனா இருக்கும்."

"மண்ணுய்யா அது."

"மண்ணுதான். ஒரு வாட்டி பாத்துடுங்கோ சார்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் சட்டியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான். ஆதிநாராயணன் குங்குமம் வைத்த கண்ணாடியை எடுத்து, ஒரு சிட்டிகை மண்ணை அதன் நடுவில், கறை இருந்த இடத்தில் வைத்தார். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தள்ளினார். திருகைச் சுழற்றினார். துளி ஆட்டம் இல்லை. மதராஸ்காரன் வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தான். மணல் பாறை பாறையாகத் தெரிந்தது. ஒரு வேரின் மயிர். ஓரத்தில், எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட ஒரு குங்குமத் துகள்.

"தெரியுதா சார்?"

அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் கன்னையா அந்தக் கண்ணைப் பார்த்துவிடுவான்.

"தெரியுது."

"நகுந்துக்கீதா?"

"நகுந்துதான் இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"சிவப்புப் பக்கம். நம்மள விட்டு அந்தாண்ட."

"எம்மாம் தூரம்?"

ஆதிநாராயணன் அளவுகோலைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னார். தசமப் புள்ளியோடு சொன்னார், பழக்கம்.

கன்னையா சட்டியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொள்ள இடம் தேடி, கடைசியில் தன் வேட்டியிலேயே துடைத்தான்.

"பொய் சொல்றீங்கோ சார்," என்றான். "பரவால்ல. இன்னொரு வாட்டி சொல்லுங்கோ."

ஆதிநாராயணன் சொன்னார். ஆனால் முதலில் சொன்ன எண் எதுவென்று அதற்குள் மறந்துபோயிருந்தது.