தேடினால் வராத பெயர்

"பேரே இல்லைன்னு சொல்லிட்டாக ஆத்தா" என்றபடி கடைக்குள் வந்த சுருளியம்மாள், ஜெராக்ஸ் மிஷினில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வீரபாண்டி. இருவரும் தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போய், கிடைத்த பஸ்ஸில் திரும்பியிருந்தார்கள்.

மாரீஸ்வரி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். கம்பத்தில் இந்த டைப்பிங் கடையை அவள் பதினாறு வருஷமாக நடத்துகிறாள். அதற்கு முன் மூன்று வருஷம் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனவள். இடுப்பு வலி இரண்டு வேலைக்கும் பொதுவாக மிச்சம்.

பதினைந்து வருஷம் தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு அரசு வீட்டுமனை தருகிறது. அதற்குச் சங்கத்தின் பட்டியல்தான் சாட்சி. ஜீப்பில் ஆள் கூட்டிப்போகும் கங்காணிகளின் நோட்டுகளைப் பார்த்து, பதினான்கு வருஷத்துக்கு முன் அறுநூற்றுப் பதினான்கு பக்கத்தையும் அடித்தது மாரீஸ்வரி. போன மாதம் அதை பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்ததும் அவள்தான். விட்டுப்போனவர்கள் மனுக் கொடுக்க இன்று ஐந்து மணிதான் கடைசி.

"முன்னாடி போன ஆம்பளைகளுக்கெல்லாம் வந்துருச்சே, எப்படி?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"சங்க அட்டை நம்பரைப் போட்டுத் தேடுனாக, வந்துச்சு" என்றார் வீரபாண்டி. "பொம்பளைகளுக்கு எங்கன அட்டை? பேரைப் போட்டாக. ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு."

மாரீஸ்வரி ஃபைலைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினாள். தமிழுக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்துகள் தாறுமாறாக வந்து விழுந்தன. நம்பர்கள் மட்டும் நம்பராகவே இருந்தன.

"பாருங்கண்ணே. அப்ப இருந்தது பழைய எழுத்துரு. கண்ணுக்குத்தான் தமிழு, உள்ள பூராம் இங்கிலீஷ். அங்கன தமிழ்ல தேடுனா எப்படிக் கெடைக்கும்?"

"பதினாலு வருசமா வேசம் போட்டுருக்கு. கட்சிக்காரன் தோத்தான்" என்றார் வீரபாண்டி.

மாரீஸ்வரிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. எழுத்துருவை மாற்றும் மென்பொருளில் ஃபைலைப் போட்டாள். முதல் தடவை கொம்பெல்லாம் முன்னுக்குப் பின்னாக நின்றது. ஒவ்வொரு எழுத்தாகச் சரிசெய்து மறுபடி ஓட்டினாள். இருபது நிமிஷம் கரண்டு போனது. திரும்பவும் முதலிலிருந்து. பிடிஎஃப் ஆக்கி முடித்தபோது மணி ஒன்றரை. டிபன் பாக்ஸை அவள் திறக்கவேயில்லை.

மலைச்சாமி என்று தேடினாள். பத்தொன்பது இடத்தில் வந்தது. வீரபாண்டி, ஆறு. சுருளியம்மாள் என்று அடித்தாள்.

ஒன்றுமில்லை.

"உன் மிசினுக்குப் பொம்பளைகன்னா ஆகாதோ?" என்றார் வீரபாண்டி.

"சும்மா இருங்கண்ணே, நீங்க வேற."

ளகரத்தில் கோளாறோ என்று பார்த்தாள். வெறும் சுருளி என்று தேடினாள். சுருளிவேல் நான்கு பேர் வந்தார்கள், நால்வரும் ஆண்கள். பிடிஎஃப் ஆக்கும் முறையை மாற்றி இன்னொன்று எடுத்தாள். அதிலும் இல்லை. மணி இரண்டே முக்கால்.

"யக்கா, நீங்க எந்தக் கங்காணி வண்டி?"

"அம்மாவாசி வண்டி. இருபத்திரண்டு வருசமும் அவருதான். எம் புருசன் மலைச்சாமியும் அதுலதான், சாகுற வரைக்கும்."

அம்மாவாசி வண்டியின் பக்கங்களைத் தேடலை நம்பாமல் கண்ணாலேயே படித்துக்கொண்டு போனாள். முன்னூற்று எண்பத்தெட்டாம் பக்கம். மலைச்சாமி, அட்டை நம்பர். அதற்குக் கீழே, மலைச்சாமி சம்சாரம். அடுத்த வரி கருப்பையா. அதற்குக் கீழே, கருப்பையா சம்சாரம்.

மாரீஸ்வரி அடுத்த பக்கத்துக்குப் போனாள், அங்கேயும் சம்சாரங்கள். நோட்டில் இருந்ததை இருந்தபடிதான் அடித்திருந்தாள். அந்தச் சொல் அடிக்கடி வந்ததால் ஒரே பொத்தானில் விழும்படி செய்துகொண்டதும், சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தது. ஜீப்பில் போன காலத்தில் கங்காணி நோட்டில் அவளே 'கர்ணன் மகள்'தான். அப்போதும் அவளுக்கு அது உறைக்கவில்லை, அடித்தபோதும் உறைக்கவில்லை.

சம்சாரம் என்று தேடினாள். இருநூற்று எழுபத்தொன்று.

"மிசின்ல கோளாறு இல்லண்ணே. பேரை யாருமே எழுதல."

வீரபாண்டி குனிந்து திரையைப் பார்த்தார். அந்த நோட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

"அதுல நான் எது?" என்றாள் சுருளியம்மாள்.

"இங்கன இருக்கீக. மலைச்சாமி சம்சாரம்."

"அவரு செத்தே ஒம்பது வருசமாச்சு. இனி நான்தான் அதுன்னு எவன் சொல்லுவான்?" முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "கீழ யாரு?"

"கருப்பையா சம்சாரம்."

"அவ பேச்சியம்மா. காமயகவுண்டன்பட்டிக்காரி. அடுத்தது?"

"முத்துராமலிங்கம் சம்சாரம்."

"சின்னத்தாயி. வாயாடி முண்ட, ஜீப்புல ஏறுனா கம்பம்மெட்டு வரைக்கும் வாயை மூட மாட்டா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான் இருக்கா, நான் யாருன்னு அவ சொல்லுவா."

வீரபாண்டி பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். மாரீஸ்வரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சுருளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பேர் சொன்னாள், சிலருக்கு ஊரும். மாரீஸ்வரி அடித்துக்கொண்டே போனாள். மற்ற வண்டிகளுக்குப் போனதும் பேர்கள் குறைந்தன. "தெரியலையே ஆத்தா, மொகம் தெரியும், பேரு தெரியலையே" என்று அவள் உதட்டைப் பிதுக்கிய வரிகளை மாரீஸ்வரி அப்படியே விட்டாள்.

சின்னத்தாயி வந்து, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே சாட்சிக் கைநாட்டு வைத்தபோது மணி மூன்றரை. இரண்டு மனுக்கள் அச்சாகி வந்தன. ஒன்று சுருளியம்மாளுக்கு, பக்க எண்ணும் வரி எண்ணும் போட்டு. மற்றது மீதி இருநூற்று எழுபது பேருக்கும் சேர்த்து. அதில் நாற்பத்தாறு பேருக்குத்தான் பேர் இருந்தது.

"மிச்சம் பேரு?" என்றார் வீரபாண்டி.

"சம்சாரமாவே போகட்டும். குடுக்காம விடுறதுக்கு அது தேவல."

வீரபாண்டி சுருளியம்மாளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தேனிக்குக் கிளம்பினார். நாலே முக்காலுக்கு அங்கிருந்து போன் வந்தது. "ரெண்டையும் வாங்கிட்டாக, ரசீது குடுத்துட்டாக" என்றாள் சுருளியம்மாள். "மனை கெடைக்குமான்னு கேட்டேன். விசாரிக்க வருவோம்னாக."

"வந்தாகன்னா என்னையும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மாரீஸ்வரி நாற்பத்தேழாவது பேரைத் தேடி, வெறும் சம்சாரமாக விட்ட முதல் வரிக்குப் போனாள்.