மஞ்சள் நூல் தைத்த ஜோடி

தம்பி இறந்த பன்னிரண்டாம் நாள் அவனுடைய சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது முறையாக வந்தார். முதல் முறை வந்தபோது அழுதார். இந்த முறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். அழுகையை நம்பிய எனக்கு ஏனோ ஆப்பிளை நம்ப முடியவில்லை.

"தம்பி கிளவுஸ் உங்க கடையிலதானே வாங்குவார்?" நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"ஆமா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதாம்மா. என்ன சைஸ்?"

"பத்து."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். செத்தவனுடைய கையளவை யாரும் சும்மா கேட்பதில்லை.

பதினாறு வருடமாக நான் பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கையுறை கேட்டு வருபவரிடம் முதலில் என்ன வேலை என்றுதான் கேட்பேன். டிக் வெல்டிங் என்றால் மெல்லிய ஆட்டுத்தோல். விரல்களுக்கு நடுவே கம்பி நகர்வது கைக்குத் தெரிய வேண்டும். மிக் வெல்டிங்குக்கு இன்னும் கொஞ்சம் தடிப்பு. ராடு பிடித்துச் செய்கிற ஆர்க் வெல்டிங் என்றால் முழங்கைப் பக்கம் ஏறும் தடித்த மாட்டுத்தோல், அதுவும் உதறினால் கழன்று விழுகிற அளவுக்குத் தளர்வாக. உள்ளே ஒரு பொறி விழுந்தால் இழுத்துக் கழற்ற நேரம் இருக்காது. இதையெல்லாம் பார்த்த பிறகு தையலைப் பார்ப்பேன். பருத்தி நூலாக இருந்தால் தோலுக்கு முன்னால் நூல் எரிந்துவிடும். இரண்டு வாரத்தில் கட்டைவிரல் பக்கம் வாய் பிளக்கும்.

"கிளவுஸ் பொறுக்குற மாதிரி மாப்பிள்ளை பொறுக்கினா உனக்கு எப்படிக்கா கல்யாணம் ஆகும்?" என்று தம்பி கிண்டல் செய்வான்.

அவனுக்கு அப்போது ஒரு பெரிய தொட்டிக்குள் இறங்கி ஆர்க் வெல்டிங் செய்கிற வேலை. கம்பெனியில் டிக் பிரிவுக்காக மொத்தமாக வாங்கிய மெல்லிய கையுறையையே எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். ஆர்க் வேலைக்கு அது, கொதிக்கிற சட்டியைக் கைக்குட்டையால் பிடிக்கிற மாதிரி. அதனால் நான் கொடுத்த தடித்த ஜோடியைத்தான் போட்டுக்கொள்வான். தொட்டிக்குள் காற்றில்லை. மதியத்துக்குள் வியர்வையில் ஊறிவிடும். ஈரத்தோல் கரண்ட்டைத் தடுக்காது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்தான்.

"இன்னொரு ஜோடி குடுக்கா. ஒண்ணு காயும்போது ஒண்ணு போட்டுக்கறேன்."

அப்போது அலமாரியில் இருந்ததெல்லாம் பருத்தி நூல் சரக்கு. அவன் கையில் எடுத்ததை வாங்கித் திரும்பவும் உள்ளே வைத்தேன்.

"இது வேணாம்டா. அடுத்த வாரம் மஞ்சள் நூல் தைச்சது வருது. நெருப்பே பட்டாலும் எரியாது. ஒரு வாரம் பொறு."

"சரி, நீ சொன்னா அப்பீலே இல்ல" என்று போய்விட்டான். செவ்வாய்க்கிழமை தொட்டிக்குள் ராடு மாற்றும்போது கரண்ட் அடித்துப் போய்ச் சேர்ந்தான்.

இந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் வந்துபோன மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். மூன்று நாள் கழித்து, தாமதமாக, அந்தச் சரக்கு வந்து இறங்கியது. ஒட்டியிருக்கும் சீட்டு விழுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு ஜோடியின் உள்மடிப்பிலும் பேனாவால் சைஸ் எழுதி வைப்பது என் வழக்கம். பத்தாம் சைஸில் பன்னிரண்டு ஜோடி எழுதினேன். மறுநாள் பதினொன்றுதான் இருந்தது.

"பத்துல ஒண்ணு குறையுதே?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"நீ எண்ணினது தப்பா இருக்கும்மா. மனசு சரியில்லாத நேரம்."

சொல்லிவிட்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த ஹெல்மெட்டுகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். பொய் சொன்னால் அவருக்கு எதையாவது அடுக்க வேண்டும். தம்பியின் கம்பெனிதான் எங்கள் பெரிய வாடிக்கை. அன்றிலிருந்து அவர் கொடுக்கும் டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன்.

அதே வாரம் தம்பி மனைவி கேட்டாள். "அண்ணி, அவருக்குப் புது கிளவுஸ் குடுத்திருந்தாங்களாமே. சூப்பர்வைசர் சொன்னார். லாக்கர்லயே வச்சிருந்தாராம். ஏன் போட்டுக்கல?"

"யாரு குடுத்தாங்களாம்?"

"கம்பெனிதான். பழசை, ஈரத்தோட மாட்டிக்கிட்டுப் போயிருக்காரு. என்னையும் குழந்தையையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்திருந்தா..." முடிக்காமல், சுவரில் இருந்த அவன் படத்தைப் பார்த்து, "மனுஷனா நீ" என்றாள்.

அவள் தினமும் அந்தப் படத்தைத் திட்டினாள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூடத் திட்டினாள். எனக்கு சூப்பர்வைசர் மேல் இருந்த சந்தேகம் பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் கையில் ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் விசாரணை. கம்பெனியின் மேல்மாடி அறையில் ஒரு நீள மேசை. நடுவில் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி, ஒரு பக்கம் சூப்பர்வைசர், எதிரே நானும் தம்பி மனைவியும். சூப்பர்வைசர் ஒரு பையிலிருந்து கையுறையை எடுத்து வைத்தார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே குடுத்தது சார். கொஞ்ச நாள் போட்டார். அப்புறம் லாக்கர்ல வச்சுட்டார்."

அதிகாரி எழுதியதை வாசித்தார்: "வழங்கப்பட்ட கையுறையை அணியாத கவனக்குறைவால்..." தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்றேன்.

கருப்பேறியிருந்தது. ஆனால் இரண்டு கையும் ஒரே அளவாகக் கருகியிருந்தது. ஆர்க் வேலையில் ராடு பிடிக்கிற கைதான் அதிகம் வேகும். மூக்கருகே கொண்டுபோனேன். புகை வாடை இருந்தது, வியர்வை வாடை இல்லை.

"என்னம்மா, புடவை எடுக்க வந்த மாதிரி புரட்டிப் புரட்டிப் பாக்குறீங்க?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

கட்டைவிரல் தையலை நகத்தால் சுரண்டினேன். கரி உதிர்ந்து மஞ்சளாக நூல் தெரிந்தது. உள்மடிப்பைத் திருப்பினேன். நீல மையில் 10. என் கையெழுத்து.

"இது எங்க கடைச் சரக்கு சார். தம்பி போன பிறகு வந்தது. மூணு மாசத்துக்கு முன்னாடி இப்படி ஒண்ணு கடையிலயே இல்ல."

"கடைன்னா நாள் முழுக்கச் சரக்கு வரும், போகும்" என்றார் சூப்பர்வைசர். "எது எப்போ வந்ததுன்னு இவங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் சார்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

தம்பி மனைவியும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கையுறை என் கையிலேயே இருந்தது. கீழே வைக்க முடியவில்லை.

"ஏன்னா, என் தம்பி இன்னொரு ஜோடி கேட்டு வந்தப்போ இது வரல. இது வரட்டும், ஒரு வாரம் பொறுன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். அதுக்கு நாலாம் நாள்தான் போனான்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு எங்கள் கடை முதலாளியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் வந்தார். மேசை மேல் கோப்புகளும் பேனாக்களும் கலைந்து கிடந்தன; அவர் எதையும் அடுக்கவில்லை. சூப்பர்வைசர் நேரில் வந்து ஒரு ஜோடி வாங்கிப் போனதையும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சூப்பர்வைசர் தண்ணீர் கேட்டார். அதிகாரி அந்தக் 'கவனக்குறைவு' வாக்கியத்தின் குறுக்கே கோடு போட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வரும் திசையையே பார்த்தபடி தம்பி மனைவி கேட்டாள்.

"அன்னைக்கு வேற ஜோடி ஏதாவது கடையில இருந்துச்சா அண்ணி?"

"இருந்துச்சு."

"காஞ்சதுதானே?"

"ஆமா."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

என்னோடு மறுபடி பேச அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் அவனை ஒருநாளும் திட்டவில்லை.