வெள்ளிக்கிழமை இறால்

தொண்ணூற்று மூன்றில் ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போனபோது, வழிகாட்டிப் பெண்ணின் பின்னால் கடை கடையாக நடந்து, சின்னத் தட்டுகளில் சாப்பிட்டு வைன் குடிக்கும் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். லண்டன் செவன் கிங்ஸில் இருந்து நானும் என் கணவரும், அதே லண்டனில் டூட்டிங்கில் இருக்கும் சிநேகிதி திலகேஸ்வரியும் அவள் புருசனும்.

அன்று வெள்ளிக்கிழமை. நானும் என் கணவரும் ஒலிவ் காயும் பாண் ரொட்டியும் போதும் என்றோம். பத்தொன்பது வருடமாக அவர் முருகனுக்கு விரதமென்று வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. அவருக்காகத்தான் நானும் விட்டேன். ஒருமுறை என் பிறந்தநாள் வெள்ளியில் வந்தது. நண்டுக் கறி வைத்து, எனக்காக ஒரு வாய் என்று கெஞ்சினேன். தட்டை நகர்த்திவிட்டார்.

மூன்றாம் கடையில் திலகேஸ்வரி, உள்ளிப்பூண்டு போட்டுப் பொரித்த இறால் ஒன்றை அவர் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ அண்ணை. முருகன் செவன் கிங்ஸிலை நிக்கிறார், இஞ்ச பாக்கமாட்டார்."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். வைனும் குடித்தார்.

"ஒரு இறால்தானேயப்பா," என்றார் ஹோட்டலில்.

"நான் கேட்டதும் ஒரு வாய்தான்," என்றேன்.

நாலு வருடத்தில் அவர் போய்விட்டார். எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் மச்சத்தோடு சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அதுவும் வெள்ளியாக வந்தது. திலகேஸ்வரி உள்ளி இறாலும் ஒரு போத்தல் சிவப்பு வைனும் கொண்டுவந்தாள்.

"அண்ணைக்கு இது நல்ல விருப்பம்," என்று அழுதாள்.

வாங்கி இலையின் ஓரத்தில் வைத்தேன். நடுவில் என் நண்டுக் கறியை வைத்தேன். இந்த முறை அவர் நகர்த்தவில்லை.