ரோல்ஸ் சாப்பிடும்போது நிறைவேறிய கூட்டறிக்கை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்சியின் கூட்டறிக்கைப் புத்தகத்திலிருந்து (கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்கும் புத்தகம்) திருடினேன். திருட்டு என்பது கொஞ்சம் கூடுதலான சொல். அந்தக் கூட்டங்களில் நானும் இருந்தேன், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், மடியில் கணினியோடு. கட்சியின் பத்திரிகை அறிக்கைகளை எழுதுவது என் வேலை. ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’, ‘ஆழ்ந்த கவலையடைகிறோம்’ என்று நீங்கள் எங்காவது வாசித்திருந்தால், அதில் பாதியாவது நான் எழுதியதாக இருக்கும். கண்டிப்பதிலும் கவலையடைவதிலும் எனக்குப் பதினொரு வருட அனுபவம்.

கட்சிக்கு ஒரு பெயர் வைக்கப் பார்த்தேன். தமிழ், ஐக்கிய, தேசிய, மக்கள், முன்னணி, கூட்டமைப்பு என்ற சொற்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் உண்மையான கட்சி ஒன்று எங்கிருந்தோ வந்து நிற்கிறது. ஆகவே கட்சி என்றே சொல்லப்போகிறேன். அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடி. கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தக் கடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2

எப்படித் தொடங்குவது?

‘வெள்ளவத்தைக் கடலில் மாலைச் சூரியன்—’ வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் கடல் தெரியும் யன்னல் இல்லை.

‘ஊழல் என்பது ஒரு சமுதாயத்தின் உயிர்நாடியையே—’ இது அறிக்கை. கை பழகிவிட்டது, மன்னியுங்கள்.

‘இராமலெட்சுமி படியேறி வந்தபோது அவர் கையில் இரண்டு கடதாசிகள் இருந்தன.’ இது நிற்கட்டும்.

இராமலெட்சுமி ஜிந்துப்பிட்டிக்காரர். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வெங்காயம் தெரிவு செய்கிறார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் (கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி அல்ல, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்) நாற்பது குடும்பங்கள் இருந்தன. தொடர்மாடி கட்டப்போகிறோம், எல்லோருக்கும் வீடு உண்டு என்று சொல்லித் தோட்டத்தை இடித்தார்கள். வீடு பெறுபவர்களின் பட்டியல் எங்கள் எம்.பி. ஜனாவின் சிபாரிசோடுதான் போனது. ஜனா கட்சியின் ஒரே கொழும்பு எம்.பி.

முதல் கடதாசி, இடிப்பதற்கு முன் ஒட்டிய பட்டியலின் படம். பதினேழாவது பெயர் இராமலெட்சுமி. இரண்டாவது, சாவி கொடுக்கப்போகும் கடைசிப் பட்டியல். முப்பத்தொன்பது பெயர்கள் அதே பெயர்கள். பதினேழாவது மட்டும் வேறு ஆள்.

“நான் சண்டைக்கு வரலீங்க,” என்றார். “பதினேழாவது பேரு எப்புடி மாறுச்சுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

அவரும் கணவரும் மூன்று பிள்ளைகளும் ஒருகொடவத்தையில், கொள்கலன்கள் அடுக்கும் இடத்துக்குப் பின்னால், ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வருட முடிவில் அறையைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். பழைய வீடு மண். புதிய வீடு வேறு யாருக்கோ.

கையில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, பிளாஸ்ரிக் உறைக்குள்: எங்கள் கட்சியின் உறுப்பினர் அட்டை.

3

புதிய பதினேழாவது ஆள் ஜனாவின் மச்சான். அவர் வெள்ளவத்தையில் நல்ல வசதியாகத்தான் இருக்கிறார்.

இது பத்திரிகையில் நாலு வரி வந்ததும் தலைவர் அவசரக் கூட்டம் வைத்தார். மேசையைச் சுற்றி மூன்று பேர். தலைவர் நாகேந்திரம் ஐயா, பழைய சட்டத்தரணி. செயலாளர் பிரசாந். மூன்றாவது ஜனாவேதான். மேசையின் மூலையில் கூட்டறிக்கை எழுத மரியகொறற்றி மிஸ்.

“ஜனா, உண்மையைச் சொல்லும்,” என்றார் தலைவர்.

“ஓம் அண்ணை. பேரை மாத்தினது நான்தான். மச்சானுக்கு ஒரு வீடு தேவைப்பட்டுது. அவவுக்கு அடுத்த கட்டத்தில ஒண்டு எடுத்துக் குடுப்பம்.”

“அடுத்த கட்டம் எப்ப?”

“அதுக்கு இன்னும் பிளான் வரேல்ல.”

“இப்ப இவரை நீக்கினா, தேர்தல் வந்தா நிப்பாட்ட ஆள் இல்லை ஐயா,” என்றார் பிரசாந்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு விசாரணைக் குழு போடுவம். நானே தலைமை தாங்கிறன். மூண்டு மாசம். முடியாட்டி இன்னுமொரு மூண்டு மாசம். அதுக்குள்ள சனம் மறந்திடும். இது இந்த அறைக்கு வெளியில போகக்கூடாது.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, கடுமையா ஒண்டு எழுதும்.”

எழுதினேன். ‘ஊழலுக்கு எமது கட்சியில் இடமில்லை.’ அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ‘எள்ளளவும்’ என்று சேர்த்தார். நானும் பேசாமல் இருந்து அனுப்பினேன். இதைக் கதையில் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் விட்டிருக்கலாம்.

4

(இந்தப் பகுதியில் கதை நகராது. ஆனால் இது இல்லாமல் கதையே இல்லை.)

எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்கியதும் சென்ற கூட்டறிக்கையை வாசிக்க வேண்டும். அதே நேரம் கீழ்க் கடையிலிருந்து எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் மேலே வரும். யார் இந்த நேரத்தை முடிவு செய்தார்களோ தெரியாது. மிஸ் வாசிப்பார், மற்றவர்கள் சாப்பிடுவார்கள். வாசிப்பு முடிந்தால் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், தலைவர் கையெழுத்து வைப்பார். பதினொரு வருடத்தில் ஒருவரும் ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லி நான் கேட்டதில்லை. ரோல்ஸ் ஆறிவிடும் என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

மிஸ்ஸுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அவர் முப்பத்தாறு வருடம் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி எழுதுவார். இருமினால் மட்டும் எழுதமாட்டார்.

அடுத்த மாதக் கூட்டம். ரோல்ஸ் வந்தது. மிஸ் எழுந்து நின்று, எப்போதும் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்.

“திரு. ஜனா: பேரை மாத்தினது நான்தான்.”

பிரசாந் சோஸ் போத்தலைக் கேட்டார்.

“தலைவர்: அதுக்குள்ள சனம் மறந்திடும்.”

தலைவர் பிளேன்ரீக்குச் சீனி காணாது என்றார்.

“தலைவர்: இது இந்த அறைக்கு வெளியில போகக்கூடாது.”

ஜனா இரண்டாவது ரோல்ஸை எடுத்தார். மிஸ் தாளைப் புரட்டி மிச்சத்தையும் வாசித்து முடித்தார்.

“முன்மொழியிறன்,” என்றார் பிரசாந்.

“வழிமொழியிறன்.” இதைச் சொன்னது ஜனா. வாய் நிறைய ரோல்ஸ்.

தலைவர் கையெழுத்து வைத்தார். அவருடைய விரலிலிருந்து தாளில் ஓர் எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. அது இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

5

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மிஸ் இதை வேண்டுமென்று செய்தாரா? கதைக்கு அது நல்லது. வாசித்துவிட்டு உட்காரும்போது மெல்லச் சிரித்தார் என்று எழுதினேன். பிறகு அவர்தான் இராமலெட்சுமியைத் தேடிப்போய் வழி சொன்னார் என்றும் எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

மிஸ் பென்சிலோடு வாசித்தார். சிரிப்பை வெட்டினார்.

“நான் சிரிக்கேல்ல தம்பி. எனக்குக் கால் நோ. எப்ப இருக்கலாம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“வேணுமெண்டுதானே மிஸ் வாசிச்சீங்க?”

“கதைச்சதை எழுதிறன். எழுதினதை வாசிக்கிறன். கேக்கிறது அவையின்ர வேலை.”

பென்சில் இன்னும் கீழே இறங்கியது. இராமலெட்சுமியைத் தேடிப்போன முழுப் பந்திக்கும் குறுக்கே ஒரு கோடு.

“இது நீங்கள் செய்தது. என்ர தலையில போடாதேங்கோ. நான் செய்யாததை என்ர பேரில எழுத விடமாட்டன்.”

அவர் பேரை எழுதியதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. உண்மையை எழுதினால் என் வேலை போய்விடும்.

6

சரி, எழுதுகிறேன்.

கட்சி யாப்பின், அதாவது கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தின், புதிய பதிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். அதனால் அதை முழுவதும் வாசித்த ஒரே ஆளும் நான்தான் என்று நினைக்கிறேன். இருபத்தேழாம் பிரிவு: பாதிக்கப்பட்ட எந்த உறுப்பினரும் எழுத்தில் கேட்டால், உறுதிப்படுத்தப்பட்ட கூட்டறிக்கையின் பிரதியைத் தலைவர் ஒப்பமிட்டு ஏழு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.*

தலைவர் கையெழுத்து வைத்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஒருகொடவத்தைக்கு பஸ் ஏறினேன். இராமலெட்சுமி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். யாப்பை விரித்து அந்தப் பிரிவைக் காட்டினேன்.

“அந்தப் புத்தகத்துல என்னா எழுதியிருக்கு தம்பி?”

“அத நான் சொல்லக்கூடாதுக்கா. நீங்க கேட்டு வாங்கி வாசிங்க.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?”

ஆகாது என்றேன். பொய்தான், ஆனால் நன்றாக வந்தது.

* இருபத்தேழாம் பிரிவை எழுதியவர் நாகேந்திரம் ஐயா. இளம் சட்டத்தரணியாக இருந்தபோது, அப்போதைய தலைவர் கூட்டறிக்கையை ஒளித்தார் என்று சண்டை பிடித்து யாப்பில் சேர்த்தார். மேடையில் இன்றைக்கும் அதைப் பற்றி ஒரு தடவையாவது சொல்லாமல் இறங்கமாட்டார்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் தலைவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து— கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டாவதில் தலைவர் மனம் திருந்திக் கண்ணீர்— வேண்டாம். மிஸ் இந்தப் பந்தியை மட்டும் வெட்டவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மூன்றாவது நடந்தது. புதன்கிழமை காலை இராமலெட்சுமி கடிதத்தோடும் அட்டையோடும் வந்தார். தலைவர் புத்தகத்தைத் திறந்து அந்தக் கூட்டறிக்கையை முதன்முதலாக வாசித்தார்.

“மிஸ், இது என்ன?”

“நீங்கள் ஒப்பம் வைச்சது ஐயா.”

ஜனாவுக்குப் போன் எடுத்தார். தான் அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டது தலைவருக்குத் தெரியாது. கைத்தொலைபேசி அவருக்கு எப்போதும் தகராறு. “அந்தத் தாளைக் கிழியுங்கோ அண்ணை,” என்று ஜனா சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

தலைவர் இராமலெட்சுமியைப் பார்த்தார். எழுதுவதற்குப் பென்சிலை எடுத்துவிட்ட மிஸ்ஸைப் பார்த்தார். “வழிமொழிஞ்சது நீர்தானடாப்பா,” என்று போனை வைத்தார். “இருபத்தேழை எழுதினது நான்,” என்றார், யாருக்கு என்றில்லாமல். பிரதி எடுக்கச் சொன்னார், ஒப்பம் வைத்தார், முத்திரையும் குத்தினார்.

இராமலெட்சுமி வாங்கவில்லை.

“நீங்களே ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கய்யா. சரியா இருக்கான்னு பாக்கணும்.”

சட்டத்தரணிக்கு மறுக்க இடமில்லை, அவர் கேட்பது ஒப்பமிட்ட பிரதியைச் சரிபார்க்கத்தான். நாகேந்திரம் ஐயா வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. ‘அதுக்குள்ள சனம் மறந்திடும்’ என்ற இடத்தில் அந்தக் குரல் இறங்கிப்போனது.

“நான் மறக்கலீங்கய்யா,” என்றார் இராமலெட்சுமி. பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை. இப்போது தட்டுகிறேன்.

அவர் மூன்று படப்பிரதி எடுத்தார். ஒன்று வீடமைப்புக் கந்தோருக்கு, ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால். பத்து நாளில் பட்டியல் திருத்தப்பட்டது. பன்னிரண்டாம் நாள் ஜனா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ‘தலைமையின் துரித நடவடிக்கை’ என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள். ‘துரித’ என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன், ஒருவரும் கவனிக்கவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சியபோது இராமலெட்சுமி என்னையும் மிஸ்ஸையும் கூப்பிட்டிருந்தார். ஒன்பதாம் மாடி. மின்தூக்கி அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை. கால் நோவோடு மிஸ் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். தோட்டத்து முப்பத்தொன்பது வீட்டுச் சனமும் அந்தச் சின்ன வரவேற்பறையில் நெருக்கிக்கொண்டு நின்றது. பால் பொங்கி வழிந்தபோது இராமலெட்சுமியின் கடைசி மகள் யன்னலைத் திறந்து துறைமுகத்தைக் காட்டினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் எங்கும் நின்றதில்லை.

8

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு கூட்டம் நடந்தது.

போன வாரம். மிஸ் கூட்டறிக்கையை எடுத்ததும் தலைவர் கையை உயர்த்தினார். “ரோல்ஸ் பிறகு வரட்டும்.” எல்லோரும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்கள். பிரசாந் இரண்டு திருத்தம் சொன்னார். பதினொரு வருடத்தில் முதல் திருத்தங்கள்.

பிறகு தலைவர் கேட்டார்: “அந்தப் பிள்ளைக்கு இருபத்தேழாம் பிரிவைச் சொல்லிக் குடுத்தது ஆர்?”

மிஸ்ஸின் பென்சில் தாளுக்கு மேலே காத்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“நான்தான் ஐயா,” என்றேன்.

பென்சில் ஓடியது. சுருக்கெழுத்தில் என் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது அங்கே இருக்கிறது: ஜீவராஜ், அறிக்கை எழுதுபவர், ‘நான்தான் ஐயா.’

அதற்குத் தலைவர் என்ன சொன்னார் என்பதும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டறிக்கை இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. யாப்பின்படி அதுவரை அதை வெளியில் சொல்ல எனக்கு உரிமையில்லை. யாப்பைப் பிடித்துத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், கடைசிப் பந்தியில் அதை மீறமாட்டேன்.

இந்தக் கதையை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டே வாசித்திருந்தால், கையைத் துடைத்துவிட்டு மூன்றாம் பகுதியிலிருந்து இன்னொரு தடவை வாசியுங்கள்.

முன்மொழிபவர்: ஜீவராஜ்

வழிமொழிபவர்: ..............................