தாழ்ப்பாள் திறக்கும் காட்சி

பேய்க்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. காலடி, கதவு, துணி உரசுவது எல்லாவற்றையும் யாரோ ஒருவன் தனி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே செய்து தர வேண்டும். அந்த ஒருவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பதிவு செய்பவர் அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல, ஆனாலும் அக்காதான்.

ஒரு பேய் நாவலை இரண்டு பாகப் படமாக எடுத்தார்கள். முதல் பாகத்துக்கும் நாங்கள்தான் வேலை செய்தோம். தியேட்டரே அலறிக்கொண்டிருந்தபோது என் மனைவி மட்டும், "இது நீங்க பண்ணதா? அப்ப இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

இரண்டாம் பாகம் அந்த நாவலின் பின்பாதி. செத்துப்போன மனைவி திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். கணவன் தாழ்ப்பாளைத் திறக்கிறான்.

என் மனைவி இறந்துபோனபின் நான் ஒப்புக்கொண்ட முதல் வேலை இது. ஆள் தேறிவிட்டானா என்று டைரக்டர் அக்காவிடம் கேட்டிருக்கிறார். தன் பொறுப்பு என்று அக்கா சொல்லியிருக்கிறார். பதிவு நடந்த அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி முடியாவிட்டால் படம் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும். என் வேலையோடு அக்காவின் பேரும் போகும்.

தட்டும் ஓசை சுலபமாக முடிந்தது. தாழ்ப்பாளில்தான் சிக்கல். துருப்பிடித்த ஒன்றை மரச்சட்டத்தில் பொருத்தி வைத்திருந்தேன். திரையில் நடிகர் தாழ்ப்பாள்மேல் கை வைக்கிறார். எச்சில் விழுங்குகிறார். வியர்க்கிறார். நெடுநேரம் கழித்துத்தான் இழுக்கிறார்.

நான் தட்டல் கேட்ட உடனே இழுத்துவிட்டேன்.

மறுபடி எடுத்தோம். மறுபடியும் முந்தினேன். தொழில் தெரியாதவன் இல்லை நான். கைதான் என் பேச்சைக் கேட்கவில்லை. மைக்கில் ஏதோ கோளாறு என்று அக்கா டைரக்டரிடம் சொன்னார். நன்றாக இருந்த கேபிளை மாற்றினார். பிறகு டீ வரட்டும் என்றார்.

டைரக்டர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. எழுந்து என் அறைக்குள் வந்தார். கோபப்படவில்லை.

"அவன் பயந்துபோய் நிக்கிறான். நீங்க ஏன் அவசரப்படறீங்க?"

"எதுக்கு சார் பயப்படணும்? வந்திருக்காளே."

அவர் தரையைப் பார்த்தார். வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் அக்காவிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அக்கா ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு தடவை.

என் ஹெட்ஃபோனில் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, கதவத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசி. உன் வீடு இப்ப என்ன லட்சணத்துல இருக்கு?"

யோசித்தேன். தொட்டி நிறையப் பாத்திரம். கட்டில்மேல் துவைத்ததும் துவைக்காததும் ஒரே குவியல். ஃப்ரிட்ஜில், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாத ஒரு டப்பா. போதாக்குறைக்கு என் தாடி.

"இந்தக் கோலத்துல அவ உள்ள வந்தா என்ன ஆகும்? தோல உரிச்சுக் காயப்போட்டுருவா."

திரையில் காட்சி ஓடியது. தட்டல் கேட்டது. என் கை தாழ்ப்பாள் வரை போய் நின்றது. ஓடிப்போய்க் கொஞ்சமாவது ஒதுக்கி வைத்துவிட்டு வரலாமா என்று இருந்தது. உள்ளங்கை வியர்த்தது. தாழ்ப்பாள் சிறிது நகர்ந்து, கிறீச்சிட்டு, தயங்கி, பிறகு முழுவதும் விலகியது. நடிகரின் கையும் அதே நேரத்தில் விலகியது.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று டைரக்டர் மைக்கில் கேட்டார்.

"கல்யாணம் ஆனவன் சார்" என்றார் அக்கா.

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். பாதியில் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேபிளைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

அதுவரை என் கண்ணுக்குள் இருந்தவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவள். அன்று வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் சமையலறையைப் பார்த்தாள். எனக்கு அது போதும்.

முகம் கழுவிக்கொண்டு போய் அக்காவிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அடுத்தது ஜன்னல் கண்ணாடி உடையற சீன்" என்றார். "கையுறைய மாட்டிக்கிட்டு வா."

மாட்டிக்கொண்டு வந்தேன்.