அத்தை கொடுத்த மிதவைச் சட்டை

தோங்கா நாட்டுத் தீவொன்றின் பாங்காய் படகுத்துறையில் செலா தன் புது மிதவைச் சட்டையைத் தூக்கினாள். படகுக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரில் அதன் ஓரம் கொஞ்ச நேரம்தான் நனைந்திருந்தது. அதற்குள் ஊறிய பாயைப் போலக் கனத்தது.

மிதக்க வேண்டியது தண்ணீரைக் குடிக்குமா?

சட்டைகளைத் தலைநகரில் வாங்கி வந்தவள் லவினியா, கணவன் செமிசியின் அக்காள். தோங்காவில் அப்பாவைவிட அத்தைக்குத்தான் மதிப்பு. அவள் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. அவள் கொடுத்ததைக் குறை சொல்ல எவருக்கும் நாக்கு எழாது.

"ஏங்க, இந்தச் சட்டை சரியில்ல," என்றாள் செலா, மெதுவாக.

"அக்கா குடுத்தது. வாயை மூடிக்கிட்டு ஏறு," என்றான் செமிசி.

நாளை பிள்ளைகள் ஞாயிறு. மகள் ஃபானே சொந்தத் தீவுச் சர்ச்சில் வசனம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு படகும் அசையாது, போனால் இன்றுதான். பவளப்பாறைக்கு அப்பால் கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. ஃபானே நெட்டைக் கொக்காக வளர்ந்திருந்தாளே தவிர நீச்சல் அரைகுறை. அவள் அதே புதுச் சட்டையை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி குசுகுசு?" லவினியா திரும்பினாள். "நெஞ்சுல பாரு, தர முத்திரை! உங்க பழசுல இருந்ததெல்லாம் தேஞ்சு போச்சு. என் மருமகளை அதைப் போட்டா அனுப்புவேன்?"

முத்திரை பளபளவென்றுதான் இருந்தது. கடலுக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டுமே!

செலா தன் புதுச் சட்டையை மாட்டினாள், வாரைக் கட்டினாள், துறையின் விளிம்பிலிருந்து குதித்தாள். கையையும் காலையும் அசைக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சட்டை முதலில் தாங்கியது. பிறகு முகவாய் நனைந்தது, வாய் நனைந்தது. பிறகு காதுக்குள் தண்ணீரின் இரைச்சல் மட்டுமே.

செமிசி பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். துறையில் கிடத்தியபோது சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னை அவமானப்படுத்தவா குதிச்சே?" லவினியா கத்தினாள்.

"இல்ல அண்ணி," என்று ஃபானேயைக் காட்டி இருமினாள் செலா. "இவளுக்குப் பதிலா குதிச்சேன்."

லவினியா ஃபானேயின் நெஞ்சிலிருந்த முத்திரையை விரலால் தடவினாள், நகத்தால் சுரண்டினாள். சுருளாக உரிந்து வந்தது. தன் கையாலேயே வாரை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினாள்.

செமிசி அவசரமாக மூட்டைகளுக்கு அடியிலிருந்து சாயம் போன பழைய சட்டை ஒன்றை உருவி மகளிடம் நீட்டினான்.

"நில்லுடா," என்றாள் லவினியா. "அதுவும் சும்மா ஒரு சட்டைதான்."

பழைய சட்டையை அவளே வாங்கி மாட்டிக்கொண்டாள். மரியாதைக்காக உடைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த நல்ல பாயைக்கூட அவிழ்க்காமல் படிக்கட்டில் இறங்கினாள். குடும்பத்தின் மூத்தவள் துணிமணியோடு கடலில் இறங்குவதைப் பார்க்கக் கூடாதென்று செமிசி தலையைக் குனிந்துகொண்டான். செலா மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

லவினியா கைகளை விரித்து, அசையாமல் கிடந்தாள். அலை தூக்கியது, இறக்கியது. முகம் நனையவில்லை.

நெடுநேரம் அப்படியே கிடந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"இப்போ போடு என் மருமகளுக்கு."